கடலோரத்துப் பழைய ஊர்களைப் படமெடுப்பது: ஓதம், வெளிச்சம், உப்பு

பயணம் முடிந்து வீட்டுக்கு வந்து படங்களைத் திறந்தால் பாதி வானம், பாதி கடல், நடுவில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கோட்டை. என் முதல் சில பயணங்களில் இதுதான் நடந்தது. கேமரா மேல் தப்பில்லை. ஊரை ஒரு பக்கமும் கடலை ஒரு பக்கமுமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதுதான் கோளாறு. கடலோரத்தில் ஒரு பழைய ஊர் இருக்கிறதென்றால் அது காற்று வாங்குவதற்காக அங்கே போய் உட்காரவில்லை. கப்பல் வந்தது, சரக்கு வந்தது, பின்னாலேயே பகைவனும் வந்தான், அதனால் மதில் எழுந்தது, விளக்குக் கோபுரம் எழுந்தது. ஆக, கல்லும் தண்ணீரும் எங்கே தொட்டுக்கொள்கின்றனவோ அங்கே போய் நில்லுங்கள், படம் அங்கேதான் கிடைக்கும். எப்போது போய் நிற்பது, எதைக் கொண்டு போவது, நனைந்து திரும்பிய பிறகு என்ன செய்வது என்பதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்லப் போகிறேன்.

கிளம்புவதற்கு முன்: ஊர் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது?

முதல் வேலை வரைபடம். ஊரின் கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்று பாருங்கள். சான்சிபார் தீவின் ஸ்டோன் டவுனும் மொராக்கோவின் எஸ்ஸவீராவும் மேற்கே கடலைப் பார்த்த ஊர்கள், அங்கே மாலையில் சூரியன் தண்ணீரில் இறங்கும். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில் கிழக்கே பார்த்தது, அதன் முகத்தில் வெயில் விழுவது காலையில். இலங்கையின் காலி கோட்டைக்கு மூன்று பக்கமும் கடல் என்பதால் காலையும் மாலையும் இரண்டுமே உதவும், கொத்தளத்தை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. சூரியன் வருடம் முழுவதும் ஒரே இடத்தில் மறைவதில்லை. நிலநடுக்கோட்டுப் பக்கம் ஜூனுக்கும் டிசம்பருக்கும் நடுவே மறையும் இடம் சுமார் 47 பாகை நகரும். 40 பாகை அட்சரேகையில் இருக்கும் ஊர்களில் 60 பாகைக்கும் மேல். யாரோ ஜூனில் எடுத்த படத்தைப் பார்த்து மயங்கி டிசம்பரில் போய் நின்றால் சூரியன் கோட்டைக்குப் பின்னால் இல்லாமல் பக்கத்து வாகன நிறுத்தத்தின் மேல் இறங்கிக்கொண்டிருக்கும். போட்டோபில்ஸ் மாதிரி ஒரு செயலியில் தேதியைப் போட்டால் வரைபடத்தின் மேலேயே சூரியன், நிலா இரண்டின் திசைக்கும் கோடு போட்டுக் காட்டிவிடும். ஐந்து நிமிட வேலைதான்.

ஓதம் பார்க்காமல் போகாதீர்கள்

வெளிச்சத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், ஓதத்தைப் பற்றி, அதாவது கடல்மட்டம் ஏறி வற்றுவதைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. என்னைக் கேட்டால் கடலோரப் படத்துக்கு இதுதான் முதல் கணக்கு.

பெரும்பாலான கடற்கரைகளில் ஒரு முறை ஏறிய கடல் மறுபடி ஏற சுமார் 12 மணி 25 நிமிடம் ஆகும். அதனால் ஏற்றமும் வற்றமும் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும். நேற்று மாலை சூரியன் மறையும்போது பாறைகள் வெளியே தெரிந்தன என்றால் ஒரு வாரம் கழித்து அதே மாலையில் அவை தண்ணீருக்குள் இருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி (பல இடங்களில் ஓரிரு நாள் கழித்து) கடல் அதிகமாக ஏறும், அதிகமாக வற்றும்.

இது படத்தை எவ்வளவு மாற்றும் என்பதற்கு பிரான்ஸின் மோன் சான் மிஷேல் ஒன்று போதும். அங்கே பெரிய ஓதத்தின்போது ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் 14 மீட்டர் வரை போகிறது. மலை உச்சியில் மடாலயம், சுற்றி முழுக்கத் தண்ணீர் என்ற அந்தப் புகழ்பெற்ற காட்சி பெரிய ஓதம் வரும் சில நாள்களில் மட்டும்தான். மற்ற நாள்களில் சுற்றிலும் பெரும்பாலும் மணலும் சேறும். சேறு மோசம் என்று சொல்லவில்லை, வற்றிய மணலில் நெளிநெளியாக ஓடும் வாய்க்கால்கள் அருமையான முன்புலம். ஆனால் எது வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு அதற்கேற்ற தேதியில் போக வேண்டும், போன பிறகு முடிவு செய்ய முடியாது.

மத்தியதரைக் கடல் ஊர்களில் இந்தக் கவலை கிட்டத்தட்ட இல்லை. குரோவேஷியாவின் டுப்ரோவ்னிக் மாதிரி இடங்களில் ஓதம் சில பத்து சென்டிமீட்டர்தான், காற்றையும் அலையையும் பார்த்தால் போதும்.

நான் பட்டது ஒன்று சொல்கிறேன். ஒரு தீவுக் கோட்டைக்கு வற்றிய நேரத்தில் பாறைகள் மேலேயே நடந்து போய், வெளிச்சம் நன்றாக இருக்கிறதே என்று நின்றுவிட்டேன். திரும்பிப் பார்த்தால் வந்த வழியில் முழங்கால் அளவு தண்ணீர். கேமராப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பாறையாகக் காலால் தடவித் தடவி வந்தேன். ஒரு படம்கூட உருப்படியாக இல்லை என்பது தனிக் கதை. அன்றிலிருந்து கடல் ஏறத் தொடங்கும் நேரத்துக்குக் கைப்பேசியில் அலாரம் வைக்காமல் எந்தப் பாறையிலும் கால் வைப்பதில்லை.

பையில் என்ன வேண்டும்

குறைவாக. பழைய ஊர் என்றால் படிக்கட்டு, கருங்கல் தெரு, மதில் ஏற்றம். தோளில் எட்டு கிலோ தொங்கினால் மூன்றாவது சந்திலேயே ஆர்வம் போய்விடும். 24–70 மி.மீ. லென்ஸ் ஒன்று, முடிந்தால் தூரத்தைக் கிட்டே இழுக்கும் 70–200 அல்லது 70–300 டெலி லென்ஸ் ஒன்று. அகலக் கோண லென்ஸைத்தான் எல்லோரும் முதலில் வாங்குகிறார்கள், ஆனால் கடலோர ஊரில் எனக்கு அதிகம் உழைத்தது டெலி லென்ஸ்தான். அரை கிலோமீட்டர் தள்ளி எதிர்க்கரையிலோ அலைத்தடுப்பின் நுனியிலோ நின்று 200 மி.மீ.யில் பார்த்தால் கலங்கரை விளக்கம், அதன் பின்னால் வீடுகள், அதற்கும் பின்னால் மலை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாற்போல் நெருங்கி வரும். தீப்பெட்டிக் கோட்டைப் பிரச்சினைக்கு இதுதான் மருந்து.

ட்ரைபாட் ஒன்று, காற்றுக்கு ஆடாத கனத்தில். வட்ட போலரைசர் ஃபில்டர் ஒன்று: சூரியனுக்கு 90 பாகைப் பக்கவாட்டில் திரும்பி நிற்கும்போதுதான் அது வானத்தை நன்றாக அடர்த்தியாக்கும், தண்ணீரின் பளபளப்பை எடுத்து அடியிலுள்ள கல்லைக் காட்டும். அகலக் கோணத்தில் போட்டால் வானத்தில் ஒரு பக்கம் மட்டும் கருநீலத் திட்டு விழும், அப்போது கழற்றிவிடுங்கள். நீண்ட எக்ஸ்போஷர் (ஷட்டரை நெடுநேரம் திறந்து வைப்பது) பிடிக்குமென்றால் ஒரு என்டி ஃபில்டர், அதாவது வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி. அப்புறம் மைக்ரோஃபைபர் துணி நாலைந்து, காற்றடிக்கும் ரப்பர் பந்து, ஒரு சின்ன பாட்டிலில் நல்ல தண்ணீர். இந்தக் கடைசி மூன்றும் எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

கைப்பேசி மட்டும்தான் இருக்கிறதா? அதுவும் போதும். திரையில் வானத்தின் பிரகாசமான இடத்தை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரைப் பூட்டுங்கள், கொஞ்சம் கீழே இழுங்கள். லென்ஸை அடிக்கடி துடையுங்கள். கடற்கரையில் கைப்பேசிப் படம் மங்கலாக, விளக்கைச் சுற்றி ஒளிவட்டத்தோடு வந்தால் பத்தில் ஒன்பது முறை காரணம் லென்ஸில் படிந்த உப்பும் விரல் எண்ணெயும்தான்.

ஒரு நாளை எப்படிப் பிரிப்பது

சூரியன் தன் விட்டம் அளவுக்கு நகர இரண்டே நிமிடம்தான். அடிவானத்தைத் தொட்டுவிட்டது என்று தெரிந்த பிறகு ட்ரைபாடை விரித்தால் வேலைக்கு ஆகாது. குறைந்தது ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் இடம் பிடியுங்கள். முன்புலத்தில் என்ன வைக்கிறோம், அலை எதுவரை வருகிறது என்பதையெல்லாம் சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

சூரியன் மறைந்ததும் கூட்டம் கைதட்டிவிட்டுக் கலையும். நீங்கள் கலையாதீர்கள். சூரியன் அடிவானத்துக்குக் கீழே 4 முதல் 6 பாகை இறங்கும் அந்த நீல வேளையில்தான் வானத்தின் வெளிச்சமும் ஊர் விளக்குகளின் வெளிச்சமும் சமமாகின்றன. மதில் மேல் மஞ்சள் விளக்கு, மேலே கருநீல வானம். வெப்பமண்டலத்தில் இது சில நிமிடங்களில் போய்விடும். வடக்கே போகப் போக நீளும். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப் 8, எக்ஸ்போஷர் ஒரு நொடியில் தொடங்கி இருட்ட இருட்டக் கூட்டிக்கொண்டே போங்கள்.

நண்பகலில் படமே எடுக்க முடியாது என்பது பாதிதான் உண்மை. உச்சி வெயில் கடலையும் முகங்களையும் கெடுக்கும், ஆனால் செங்குத்துச் சுவரை மேலிருந்து கீழாக உரசிக்கொண்டு இறங்கும். சுவரில் செதுக்கிய பூவேலை, எழுத்து, உளி அடித்த தடம் ஒவ்வொன்றுக்கும் நிழல் விழுந்து அப்படியே எழுந்து நிற்கும். காலை பத்து மணிக்குத் தட்டையாகத் தெரிந்த கல்வெட்டு பன்னிரண்டுக்குப் படிக்கும்படி ஆகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். சுவருக்குச் சுவர் இந்த நேரம் மாறும், வெயில் அதன்மேல் சாய்ந்து உரசும் அரை மணி நேரத்தைப் பிடிக்க வேண்டும். மற்றபடி நண்பகலில் நிழலான சந்துகளுக்குள் போய்விடுங்கள்.

மழை வந்தால் ஓடாதீர்கள். டுப்ரோவ்னிக்கின் பெரிய தெருவான ஸ்ட்ராடுன் முழுக்கச் சுண்ணாம்புக்கல் பாவியது, காலங்காலமாகக் கால் பட்டு வழவழப்பாகிப்போன கல். மழை விட்ட மாலையில் அது கண்ணாடி மாதிரி விளக்குகளைப் பிடித்துக்கொள்ளும். கேமராவைத் தரையோடு தரையாக வையுங்கள்.

அலைக்கு எத்தனை நொடி

ஷட்டர் வேகம் மாறினால் கடலின் குணமே மாறும். மதிலில் மோதித் தெறிக்கும் அலையை உறைய வைக்க 1/1000 நொடி. பாறைகளுக்கிடையே பின்வாங்கும் தண்ணீர் வெள்ளை இழைகளாக வர 1/4 முதல் 1 நொடி, அதுவும் அலை திரும்பி ஓடத் தொடங்கும் கணத்தில் அழுத்த வேண்டும். 30 நொடி வைத்தால் கடல் புகையாகிவிடும்.

30 நொடிக்கு என்டி ஃபில்டர் தேவை. ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும், நேரம் இரட்டிக்கும்; 6 ஸ்டாப் என்றால் நேரம் 64 மடங்கு, 10 ஸ்டாப் என்றால் சுமார் 1000 மடங்கு. ஃபில்டர் இல்லாமல் 1/30 நொடி வருகிறதா, 10 ஸ்டாப் போட்டால் சுமார் 30 நொடி. ஃபோகஸை முதலில் வைத்து, மேனுவலுக்கு மாற்றிவிட்டு, அப்புறம் ஃபில்டரைத் திருகுங்கள். அவ்வளவு கறுப்புக் கண்ணாடி வழியாகக் கேமரா ஃபோகஸ் தேடித் தடுமாறும்.

எல்லாக் கடலையும் புகையாக்கும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. அது எதற்குப் பொருந்துமென்றால் இங்கிலாந்தின் பிரைட்டனில் கடலுக்குள் நீட்டிக் கட்டிய வெஸ்ட் பியர் மேடை மாதிரி இடத்துக்கு. 1866இல் திறந்து, 1975இல் மூடி, 2003இல் தீப்பிடித்து, இப்போது வெறும் இரும்புக்கூடாகக் கரையிலிருந்து துண்டிக்கப்பட்டுத் தண்ணீரில் நிற்கிறது. சுற்றியுள்ள அலையின் சலசலப்பை நீண்ட எக்ஸ்போஷர் அழித்துவிட்டால் அந்தக் கூடு மட்டும் தனியாக நிற்கும். ஆனால் புயலைத் தாங்குவதற்காகவே கட்டிய ஒரு மதிலுக்கு முன்னால் கடலைப் பஞ்சாக்கினால், மதில் எதற்கு இருக்கிறது என்பதே படத்தில் இல்லாமல் போய்விடும். அங்கே அலை அடிக்கட்டும்.

மணலில் ட்ரைபாட் வைத்தால் கால்களை நன்றாக அழுத்திப் பதியுங்கள். ஒவ்வோர் அலையும் காலடி மணலை அரித்துக்கொண்டு போகும், எக்ஸ்போஷர் நடுவில் ட்ரைபாட் அரை விரல் இறங்கினாலும் படம் போச்சு. நடுத்தண்டை உயர்த்தாதீர்கள்.

கோபுரமும் நிலாவும்

கட்டடங்கள் பின்னால் சாய்வதுபோல் வருகிறதா? கேமராவை மேல்நோக்கிச் சாய்த்திருப்பீர்கள். பின்னால் நகர்ந்து, கேமராவை மட்டமாகப் பிடித்து, கீழே கூடுதலாக வரும் தரையைப் பிறகு வெட்டிவிடுங்கள். வெள்ளைச் சுவரும் வெள்ளைக் கலங்கரை விளக்கமும் சாம்பலாக வந்தால் எக்ஸ்போஷரை 2/3 முதல் 1 ஸ்டாப் வரை கூட்டுங்கள். எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பலாகவே பார்ப்பது கேமராவின் ஒளி மீட்டரின் பழக்கம். ஹிஸ்டோகிராம் (படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று கேமரா காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் முட்டாமல் பார்த்துக்கொண்டால் சரி.

ஒவ்வொரு கலங்கரை விளக்கத்துக்கும் தனித் தாளம் உண்டு, மாலுமி அதை எண்ணித்தான் எந்த விளக்கு என்று அடையாளம் கண்டார். அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் 1791இல் ஏற்றப்பட்ட போர்ட்லண்ட் ஹெட் விளக்கு 4 நொடிக்கு ஒருமுறை மின்னும். 8 நொடி எக்ஸ்போஷர் வைத்தால் இரண்டு மின்னல் படத்தில் நிச்சயம். நீங்கள் போகும் விளக்கின் இடைவெளியைக் கடிகாரம் பார்த்து எண்ணிவிட்டு, அதைவிடக் கொஞ்சம் அதிகமாக ஷட்டரைத் திறந்து வையுங்கள்.

நிலாவைக் கோபுரத்துக்குப் பக்கத்தில் பெரிதாகக் காட்ட ஒரு எளிய கணக்கு உண்டு. நிலா வானத்தில் அரைப் பாகை அகலம்தான். ஒரு பொருளின் உயரத்தைப்போல் சுமார் 110 மடங்கு தள்ளி நின்றால் அந்தப் பொருளும் நிலாவும் ஒரே அளவாகத் தெரியும். 30 மீட்டர் கோபுரமா, 3.3 கிலோமீட்டர் தள்ளிப் போங்கள். வளைந்த விரிகுடா உள்ள ஊர் என்றால் எதிர்க்கரை இதற்கு வாகாக அமையும். பௌர்ணமியைவிட அதற்கு முந்தின நாள் மேல், அன்று சூரியன் மறைவதற்குச் சற்று முன்பே நிலா எழுந்துவிடும் என்பதால் கோபுரத்தின் மேலும் வெளிச்சம் இருக்கும். பௌர்ணமி இரவில் கறுத்த கோபுரமும் வெள்ளைத் தட்டும்தான் மிஞ்சும்.

கிட்டே போங்கள்

பெரிய காட்சி கிடைத்தாயிற்று என்றால் மதில் பக்கம் போய் ஒரு கல்லைப் பாருங்கள். கடலைப் பார்த்த பக்கத்துக் கல்லில் தேன்கூடு மாதிரிக் குழிகள் இருக்கும். உப்புத் தண்ணீர் கல்லின் நுண்துளைகளுக்குள் இறங்கி, காய்ந்து, உப்புப் படிகமாக வளர்ந்து, கல்லைத் துகள் துகளாக உடைத்துத் தள்ளுகிறது. அதே மதிலின் ஊர்ப்பக்கத்துக் கல் பெரும்பாலும் இவ்வளவு அரித்திருக்காது. இரண்டையும் ஒரே வெளிச்சத்தில் எடுத்து அருகருகே வைத்தால் அந்த ஊரின் சில நூற்றாண்டுகள் இரண்டு படத்துக்குள் வந்துவிடும். மாமல்லபுரத்தில் காற்றும் உப்பும் மழுக்கிய சிற்பங்களை எடுக்கும்போது முகம் தெளிவாக இல்லையே என்று வருந்த வேண்டாம், அந்த மழுங்கலையே எடுங்கள்.

இப்படி இன்னும் நிறைய கிடைக்கும். படகு கட்டும் இரும்பு வளையத்துக்குக் கீழே வழிந்திருக்கும் துருக்கோடு, கயிறு உரசி உரசிக் கல்லில் விழுந்த பள்ளம், ஸ்டோன் டவுனின் செதுக்கிய மரக்கதவில் பித்தளைக் குமிழ், எஸ்ஸவீராவில் நீலப் படகுகளின் உரிந்த வண்ணம், படித்துறையில் ஓதம் ஏறும் உயரத்தைக் காட்டும் பாசிக் கோடு. கிட்டத்துப் பொருளும் தூரத்துக் கோட்டையும் சேர்ந்து தெளிவாக வேண்டுமென்றால் ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமராவில் 24 மி.மீ., எஃப் 11, ஃபோகஸை சுமார் 1.8 மீட்டரில் வையுங்கள். கிட்டத்தட்ட 90 சென்டிமீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாம் கூர்மையாக வரும்.

ஆள்களும் சட்டமும்

வேலை செய்கிறவர்களைப் படமெடுக்கும் முன் கேமராவைக் காட்டித் தலையசைத்துக் கேளுங்கள், மொழி தெரியவே வேண்டாம். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வலை உலர்த்துகிறவர் உங்கள் படத்துக்காக உலர்த்தவில்லை.

ட்ரைபாடுக்குப் பல நினைவுச்சின்னங்களில் தனி அனுமதி வேண்டும், முன்னதாக விசாரியுங்கள். ட்ரோன் இன்னும் சிக்கல். அமெரிக்கத் தேசியப் பூங்காச் சேவையின் இடங்களில் 2014 முதல் தடை. போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் இருக்கும் எல் மோரோ கோட்டையும் அதில் சேர்ந்தது, அதன் புல்வெளியில் பட்டம் விடுகிறார்கள், ட்ரோன் விட முடியாது. மொராக்கோவுக்குள் அனுமதியில்லாமல் ட்ரோன் கொண்டு போனால் சுங்கத்திலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

படத்தை விற்கப் போகிறீர்கள் என்றால் இன்னொன்று. கோபன்ஹேகனில் தண்ணீரோரம் உட்கார்ந்திருக்கும் லிட்டில் மெர்மெய்ட் சிலை 1913இல் வைக்கப்பட்டது, ஆனால் சிற்பி எட்வர்ட் எரிக்சன் இறந்தது 1959இல், அதனால் அவர் இறந்து 70 ஆண்டுகள், அதாவது 2029 வரை காப்புரிமை உண்டு. உங்கள் ஆல்பத்துக்கு எடுத்தால் பிரச்சினையில்லை, வணிகத்துக்கு என்றால் யோசியுங்கள். (சிலை 1.25 மீட்டர்தான். போய்ப் பார்த்து ஏமாறாதவர் குறைவு. குனிந்து, டெலி லென்ஸில், பின்னால் தண்ணீர் மட்டும் வரும்படி எடுங்கள்.)

உப்பை வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள்

அலை ஓரத்தில் அரை மணி நேரம் நின்றாலே லென்ஸின் முன் கண்ணாடியில் மெல்லிய உப்புப் படலம் படிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, சூரியனுக்கு எதிரே திருப்பினால் படம் பால் ஊற்றினாற்போல் வெளுக்கும். ஒரு மாலை முழுக்க இப்படி இருநூறு படம் எடுத்துவிட்டு இரவுதான் கண்டுபிடித்தேன்.

சட்டை நுனியால் துடைக்கவே கூடாது, உப்புப் படிகமும் மணலும் சேர்ந்து கண்ணாடியைக் கீறிவிடும். முதலில் ரப்பர் பந்தால் ஊதுங்கள். அப்புறம் துணியின் ஒரு மூலையை நல்ல தண்ணீரில் நனைத்து, பிழிந்து, ஒரே திசையில் ஒற்றி எடுங்கள். கடைசியில் உலர்ந்த துணி. கேமரா உடம்பையும் இதேபோல் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். ட்ரைபாடின் கால்களை முழுக்க நீட்டி நல்ல தண்ணீரில் அலசி, நீட்டியபடியே காய விடுங்கள். ஈரத்தோடு மடித்து வைத்த என் பழைய ட்ரைபாடின் பூட்டு இரண்டே மாதத்தில் இறுகிப் போய்விட்டது. அலையடிக்கும் இடத்தில் லென்ஸ் மாற்றாதீர்கள், கட்டாயம் என்றால் காற்றுக்கு முதுகு காட்டி, பைக்குள் வைத்து மாற்றுங்கள்.

குளிரூட்டிய அறையிலிருந்து நேரே கடற்கரைக்குப் போனால் லென்ஸ் வியர்க்கும். அறையிலேயே கேமராவை இறுக்க மூடும் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, வெளியே வந்து அரை மணி நேரம் கழித்துத் திறங்கள். விடியலுக்குப் போகிறவர்கள் இந்த அரை மணியையும் கணக்கில் சேர்த்து எழுந்திருக்க வேண்டும். நான் இப்போதெல்லாம் முந்தின இரவே பையை பால்கனியில் வைத்துவிட்டுப் படுக்கிறேன்.